ஊரடங்கு நேரத்தில் இடைத்தங்கல் முகாம்: கர்ப்பவதிகளுக்கும் குடும்பத் திட்டமிடலுக்கும் என்ன ஆயத்தம் வேண்டும்?

கொட்டியாரத்துப் பெண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூதூர், வெருகல் பக்கத்துக் கிராமங்களுக்காக எங்கள் மாதர் சங்கம் ஒரு அனர்த்த ஆயத்தத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறது. வெள்ளத்துக்கோ புயலுக்கோ சனத்தைப் பள்ளிக்கூடங்களில் இருத்துவது இங்கே வழமை. அந்த நேரம் பார்த்து ஒரு தொற்றுநோயும் வந்து வாசலைப் பூட்டினால் உள்ளே இருக்கும் பெண்களின் கர்ப்பகாலப் பராமரிப்பு, பிரசவம், கருத்தடை எல்லாம் எப்படி நடக்கும்? 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டபோது முன்னாயத்தத்துக்கு நேரமே இருக்கவில்லை. 2021இல் மே 21 முதல் ஒரு மாதம், பிறகு ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் முடக்கம். சம்பூர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் 10 வருடமளவு இருந்ததை நினைத்தால், “சில நாள் அலுவல்தானே” என்று திட்டம் போடவும் மனம் வரவில்லை.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்து, உறவினர் வளவில் தகரக் கொட்டில் போட்டு இருக்கும் குடும்பங்களும் இந்தப் பகுதியில் உண்டு. அவர்களையும் சேர்க்க வேண்டும்.

600 பேர், 3 மாதம் என்று வைத்துக் கணக்குப் பார்க்கிறோம். எத்தனை கர்ப்பவதிகளை எதிர்பார்க்கலாம்? என்னென்ன சாமானை நாங்களே வாங்கி வைக்கலாம், எதை எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைதான் வைக்க வேண்டும்? ஒவ்வொரு கர்ப்பவதிக்கும் ஒரு பிரசவப் பொதி கொடுக்கச் சொல்லிச் சிலர் சொல்கிறார்கள், அது சரியா? காசு கொஞ்சம்தான் இருக்கிறது, எது முதல் என்று சொல்லுங்கள்.


கிளினிக் கொப்பி எழுதியது:

தங்கச்சி, சாமான் பட்டியலைப் பிறகு பார்ப்போம். முதலில் பெயர்ப் பட்டியல்.

நீங்கள் கேட்ட தொகை: அவசரகால இனப்பெருக்கச் சுகாதாரத்துக்கென்று உலக அளவில் ஒரு குறைந்தபட்ச சேவைத் திட்டம் இருக்கிறது. 1990களில் அகதி முகாம்களை மனதில் வைத்து உருவாக்கி, 2018இல் திருத்தினார்கள். அந்தக் கணக்கில் சனத்தொகையில் கால்வாசி 15 முதல் 49 வயதுப் பெண்கள், அதாவது உங்களுக்கு 150 பேர். உள்ளூர்ப் பிறப்பு வீதம் தெரியாவிட்டால் 4 சதவீதம் என்று எடுப்பார்கள். வருடத்துக்கு 24 பிரசவம். இலங்கையின் வீதம் 2019இல் 1000 பேருக்கு 15ஐ ஒட்டி இருந்தது, பிறகு இன்னும் குறைந்துவிட்டது; 15 என்று பார்த்தால் 9தான். இளம் குடும்பங்கள் கூடின முகாம் இந்த இரண்டுக்கும் இடையில் வரும். ஆகவே 3 மாதத்தில் 2 முதல் 6 பிரசவம், ஒரே நேரத்தில் 7 முதல் 18 கர்ப்பவதிகள். 15 சதவீதம் பேருக்குச் சிக்கல் வரும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் முகாமில் 1 முதல் 3 பேர். யார் அந்த மூன்று பேர் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் எல்லாரையும் பட்டியலில் வைக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு பணம் கேட்டு விண்ணப்பம் எழுத உதவும். முகாமுக்குள் கணக்குப் போடாதீர்கள், ஆளாளாக எண்ணுங்கள். ஒரு குடும்பநல உத்தியோகத்தரிடம், நாங்கள் மிட்வைஃப் என்றே சொல்வோம், ஏறத்தாழ 3000 பேர் இருப்பார்கள். அவரிடம் தகுதியுள்ள குடும்பங்களின், அதாவது பிள்ளை பெறும் வயதுப் பெண்ணோ சின்னப் பிள்ளையோ உள்ள குடும்பங்களின், பதிவேடு இருக்கிறது. பிழை நடப்பது எங்கே என்றால், இடம்பெயர்ந்த சனம் தன் மிட்வைஃபின் எல்லையை விட்டு இன்னொருவரின் எல்லைக்குள் போய்விடுகிறது. பழையவர் “அங்கே பார்ப்பார்கள்” என்று இருப்பார், புதியவருக்கு ஆள் வந்ததே தெரியாது. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே, அந்த இடத்து மிட்வைஃபுக்கும் எம்.ஓ.எச் பணிமனைக்கும் பெயர்களைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு பயிற்சிக் கொப்பி போதும். ஒரு பெண்ணுக்கு ஒரு வரி: பெயர், கடைசி மாதவிடாய்த் திகதி, பிரசவத் திகதி (கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள்), இரத்த வகை, எத்தனையாவது பிள்ளை, முன்பு சீசர் நடந்ததா, இரத்த அமுக்கம், சீனி, வலிப்பு, ஏதும் வருத்தம், இரவில் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம். கர்ப்பவதிப் பதிவேட்டு அட்டையை, அதுதான் எச் 512, தொலைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் முதலில் நனைவது அந்த அட்டைதான். ரேஷன் மட்டைபோல் பொலித்தீன் உறையில் போட்டுக் கழுத்துப்பையில் வைத்தால் இன்னும் நல்லது. இரத்த வகை ‘நெகட்டிவ்’ என்றால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். பிள்ளை பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி தேவைப்படலாம், கருச்சிதைவு நடந்தாலும் அதே விஷயம்.

கருத்தடை விபரத்தை இந்தக் கொப்பியில் எழுதவே கூடாது. முகாம் நிர்வாகக் குழுவின் கையில் போகும் கொப்பி இது. மாமிக்கும் கணவனுக்கும் தெரியாமல் ஊசி போடும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் மிட்வைஃபிடம் மட்டும்.

தொலைபேசியில் செய்யக்கூடியது எது, செய்ய ஏலாதது எது என்று பிரித்து வையுங்கள். குழந்தை அசைவைக் கேட்கலாம்: காலை 9 முதல் இரவு 9க்குள் 10 அசைவு வர வேண்டும், குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழி வலி, முகம் வீங்குதல், நீர் உடைதல், இரத்தம் படுதல், காய்ச்சல், இதெல்லாம் கேட்கலாம். அமுக்கத்தைக் கேட்டறிய ஏலாது. ஆகவே காசு செலவழிக்க வேண்டிய முதல் சாமான் மேற்கையில் கட்டும் தானியங்கி அமுக்கமானி ஒன்றும், அதற்கு மேலதிக பற்றரியும். மணிக்கட்டில் கட்டுவதை வாங்க வேண்டாம், கை வைக்கும் உயரம் மாறினாலே அளவும் மாறும். கைப்பட்டி இரண்டு அளவில் வேண்டும், பருத்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் இல்லாத அமுக்கத்தைக் காட்டும். 5 நிமிடம் உட்கார வைத்துப் பிறகு எடுங்கள். 140க்கு 90 வந்தால் சிறிது நேரம் விட்டுத் திரும்ப எடுத்து மிட்வைஃபுக்கு அறிவியுங்கள். 160க்கு 110 வந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு நிற்காமல் வண்டியை அழையுங்கள்.

குளிசைகள் மிட்வைஃப் மூலம் வரும்; 3 மாதத்துக்கு முன்கூட்டித் தரும்படி எம்.ஓ.எச்சிடம் எழுத்தில் கேளுங்கள். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. ஒன்று காலை, மற்றது இரவு. இரும்புக் குளிசை போட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதும் அதே வேலையைத்தான் செய்யும். திரிபோஷா, அதுதான் கிளினிக்கில் தரும் சத்துமா, மாதம் 2 பைக்கற், ஒன்று 750 கிராம். முகாமில் உலர் உணவு குறைந்தால் தாய்க்குக் கொடுத்த திரிபோஷா முழுக் குடும்பத்தின் காலைச் சாப்பாடாகிவிடும். அதற்காகத் தாயை ஏசிப் பிரயோசனம் இல்லை, பிரதேச செயலகத்தில் அரிசியும் பருப்பும் கேட்க வேண்டும்.


வெருகல் தம்பி எழுதியது:

அக்காமார் குறை நினைக்கக்கூடாது. தொற்று நேரத்தில் சாப்பாடு, தண்ணீர், மாஸ்க் இதுதானே அவசரம். குடும்பத் திட்டமிடல் எல்லாம் 3 மாதம் பொறுக்காதா? வாகனப் பாஸ் எடுக்கவே பெரும் பாடு.


கிளினிக் கொப்பி எழுதியது:

தம்பி, பலரும் கேட்கிற கேள்விதான். பொறுக்காது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மேற்காபிரிக்காவில் சியராலியோனில் 2014–15 எபோலாக் காலத்தில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டதால் கூடுதலாக நேர்ந்த தாய் மரணம், சிசு மரணம், வயிற்றிலேயே இறந்த பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,600 என்று ஓர் ஆய்வு கணித்தது. அந்த நாட்டில் எபோலாவால் நேரடியாகச் செத்தவர்கள் தொகைக்குக் கிட்ட வருகிறது அது. கொரோனாவின் முதல் வருடத்தில் 115 நாடுகளில் 1 கோடி 20 இலட்சம் பெண்களுக்குக் கருத்தடை கிடைப்பது தடைப்பட்டது, அதனால் 14 இலட்சம் எதிர்பாராத கர்ப்பம் என்று ஐ.நா. சனத்தொகை நிதியம் 2021 மார்ச்சில் மதிப்பிட்டது.

இங்கே அதன் அர்த்தம் என்ன? நம் நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடமுண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. ஊசி தவறிய பெண் 4 மாதம் கழித்து எங்கே போவாள், என்ன குடிப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு இரத்தப்போக்கோடும் காய்ச்சலோடும் கிடந்தாலும் பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். முகாமில் எல்லாருக்கும் விளங்கச் சொல்லி வையுங்கள்: இரத்தம் போகிறது என்று வரும் பெண்ணுக்கு, காரணம் எதுவானாலும், அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. காய்ச்சலோடு நாற்றமான வெள்ளை பட்டால் அன்றிரவே போக வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்தால் அடுத்த நாள் என்பது பிந்தியது.

இனி வழிமுறை. வாசல் பூட்டப்படப் போகிறது என்ற கதை அடிபட்டவுடன் செய்ய வேண்டியது இது.

டீப்போ என்ற கருத்தடை ஊசி 13 கிழமைக்கு ஒன்று. 2 கிழமை முன்னுக்கும் போடலாம், 4 கிழமை பிந்தியும் போடலாம், பாதுகாப்புக் குறையாது. ஆகவே 11ஆம் கிழமை கடந்த எல்லாரையும் பூட்டுக்கு முன்னமே கூப்பிட்டுப் போட்டுவிட்டால், அவர்களுக்கு அடுத்த 17 கிழமை கவலை இல்லை. உங்கள் 3 மாதத்தை ஒரே ஊசி தாண்டிவிடும்! இதை விட்டுவிட்டுப் பிறகு பாஸுக்கு அலைவதுதான் வீண் அலைச்சல். டீப்போ போட்டவர்களுக்கு மாதவிடாய் நிற்பதும் துளித்துளியாகப் படுவதும் வழமை. முகாமில் அதைக் கர்ப்பம் என்று பயந்து நாட்டு மருந்து தேடுவார்கள், முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

கருத்தடைக் குளிசை 28 நாளுக்கு ஒரு அட்டை, 3 மாதத்துக்கு 4 அட்டை கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறினால் நினைவு வந்ததும் விழுங்கலாம். 2 நாளோ அதற்கு மேலோ தவறினால் விழுங்கிவிட்டு 7 நாளைக்கு ஆணுறையும் பாவிக்க வேண்டும். பக்கத்துப் பாய்க்காரியிடம் அட்டை இரவல் வாங்கவே கூடாது. பிள்ளை பெற்று 6 மாதம் ஆகாத, பால் கொடுக்கும் தாய்க்கும், அமுக்கம் 140க்கு 90க்கு மேல் உள்ளவருக்கும் சாதாரணக் கலப்புக் குளிசை ஒத்துவராது.

லூப் (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டவர்கள் “10 வருடம் முடியுது” என்று ஊரடங்கில் ஓட வேண்டாம். செம்பு ரீ 380ஏ வகை லூப் 12 வருடம் வரை வேலை செய்யும் என்று உறுதிப்பட்டிருக்கிறது. கைக்குள் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கு 5 வருடம் முடிந்தால், மாற்றும்வரை ஆணுறை பாவித்தால் போதும். பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறாள், மாதவிடாய் திரும்ப வரவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதப் பாதுகாப்பு உண்டு. முகாமில் பால்மா தானமாக வந்து குவியும்போது கெடுவது இந்த மூன்றில் நடுவில் உள்ளதுதான். பால்மாப் பெட்டியைப் பொதுவில் பங்கிட விடாதீர்கள்.


லேபர் றூம் மூதூர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பிரசவப் பொதி பற்றிக் கேட்ட சகோதரிக்கு.

ஆளுக்கொரு பொதி வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பொதி உருவானது ஆஸ்பத்திரிக்கு வழியே இல்லாத நாடுகளின் முகாம்களுக்காக. இலங்கையில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. கையில் பொதியைக் கொடுத்தால் “அப்ப இங்கேயே பெறலாம்தானே” என்ற எண்ணம் வந்துவிடும், அதிலும் ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று வரும் என்ற பயம் பரவின நேரத்தில். முகாமுக்கு 2 பொதி, பூட்டிய பெட்டியில், திறப்பு இரண்டு பெண்களிடம். மிச்சக் காசு வண்டிக்கு.

பொதிக்குள் என்ன: ஒரு மீற்றர் சதுரப் பிளாஸ்ரிக் விரிப்பு, சவர்க்காரம் 1, கையுறை 2 சோடி, உறை பிரிக்காத புது பிளேட் 1, தொப்புள்கொடி கட்டச் சுத்தமான நாடா 2 துண்டு, பிள்ளையைத் துடைக்க ஒன்று போர்த்த ஒன்று என்று பருத்தித் துணி 2, தாய்க்குப் பெரிய பாட், ஒரு ரோச். பிளேட் துருப்பிடிக்கும், 6 மாதத்துக்கு ஒருக்கால் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வண்டி வர முதல் பிள்ளை வந்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்த தொலைபேசியை ஒலிபெருக்கியில் வையுங்கள். பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம், வரும்போது தாங்கினால் போதும். பிறந்தவுடன் துணியால் நன்றாகத் துடையுங்கள், அந்தத் துடைப்பிலேயே பெரும்பாலான பிள்ளைகள் அழும். ஈரத்துணியை எறிந்துவிட்டு, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு மேலே காய்ந்த துணியால் மூடுங்கள். கொடியை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். வண்டி கிட்டத்தில் என்றால் வெட்டாமலே கொண்டு போகலாம். கொடியில் சாம்பல், எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசக் கூடாது. இளங்கொடி (நஞ்சு) தானாக வரட்டும், தொப்புள்கொடியை இழுத்தால் கர்ப்பப்பையே வெளியே புரண்டு வரலாம். வந்த இளங்கொடியைப் பையில் போட்டுத் தாயோடு அனுப்புங்கள், முழுதாக வந்ததா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். பிள்ளையை உடனே பாலுக்குப் போடுங்கள், அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். ஒரு பாட் 5 நிமிடத்துக்குள் ஊறினால் அது ஆபத்தான இரத்தப்போக்கு.

இரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்துகளைச் சங்கம் வாங்கி வைக்கலாமா என்று யாரும் கேட்டால், வேண்டாம். ஒக்சிரோசின் ஊசி 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் போன முகாமில் ஐஸ் பெட்டிக்குள் அது பெயருக்குத்தான் மருந்து. மிசோபிரஸ்ரோல் குளிசை வெப்பத்தைத் தாங்கும், ஆனால் பிள்ளை பிறக்க முன்னம் தவறாகக் கொடுத்தால் கர்ப்பப்பை கிழிந்துபோகும்; வயிற்றில் இரண்டாவது பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் அது இருக்க வேண்டும். இது மிட்வைஃபின் பைக்குரியது.

வண்டி விஷயம். 1990 சுவசெரிய இலவசம். ஆனால் வெருகலில் கங்கை பெருகி வீதியை மூடினால் எந்த வண்டியும் வராது. ஆகவே வழி இரண்டு எழுதுங்கள், தண்ணீர் இல்லாதபோது ஒன்று, இருக்கும்போது ஒன்று. இரண்டாவதில் படகுக்காரர் பெயர், அக்கரையில் காத்திருக்கும் ஓட்டோக்காரர் பெயர், இருவரின் இலக்கமும் வேண்டும். சீசர் செய்யவும் இரத்தம் ஏற்றவும் இந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரியில் வசதி இருக்கிறது என்று கிழமைக்கு ஒருக்கால் எம்.ஓ.எச் பணிமனையில் கேளுங்கள். மயக்கமருந்து வைத்தியர் தனிமைப்படுத்தலுக்குப் போனால் சத்திரசிகிச்சைக் கூடம் திறந்திருந்தும் பயனில்லை. அப்படியானால் நேரே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிதான். முன்பு சீசர் செய்தவர், இரட்டைப்பிள்ளை, அமுக்கம் உள்ளவர் ஆகியோரை வலி வரும்வரை முகாமில் வைத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே வாட்டில் சேர்க்க முடியுமா என்று கிளினிக்கில் கேட்டு, திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

தாய்க்குத் தொற்று இருந்தால்? வண்டி வர முன்னமே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் தனி அறை ஒழுங்கு செய்வார்கள். தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் சீசர் தேவையில்லை. மாஸ்க் போட்டு, கையைக் கழுவி, பால் கொடுக்கலாம். கொரோனாவுக்குத் தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கர்ப்பவதிக்குக் கொரோனா வந்தால் மூச்சுத்திணறல் கடுமையாகும் ஆபத்துக் கூடுதல், ஆகவே தடுப்பூசி வரும்போது அவர்களை முதல் வரிசையில் விடுங்கள். இங்கே 2021 ஜூனில்தான் கர்ப்பவதிகளுக்குப் போடத் தொடங்கினார்கள். “பிள்ளைக்கு ஆகாது” என்ற வதந்திக்குப் பதிலைப் பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கியிலேயே சொல்லலாம்.

பெற்றுத் திரும்பின தாயை மிட்வைஃப் 4 முறை பார்க்க வேண்டும்: 5 நாளுக்குள், 6–10, 14–21, பிறகு 42ஆம் நாளளவில். முதல் இரண்டையும் தொலைபேசியில் முடிக்க விடாதீர்கள். பிள்ளையின் மஞ்சளையும் தாயின் தையலையும் நேரில்தான் பார்க்கலாம்.


அக்கரை இக்கரை எழுதியது:

திரும்பி வந்தவர்களைப் பற்றி அக்கா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதல் பயம் ஆவணம். அடையாள அட்டை இல்லை, பிள்ளைக்குப் பிரஜாவுரிமைப் பதிவு முடியவில்லை என்று கிளினிக்குக்குப் போகாமல் இருப்பார்கள். மிட்வைஃப் பதிவது எங்கே வசிக்கிறார் என்பதை வைத்து. அரச கிளினிக்கில் கர்ப்பகாலச் சேவைக்குக் காசும் இல்லை. பிரஜாவுரிமை வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், அதற்காக ஊசியும் கிளினிக்கும் நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிந்தவர்களிடம் 12 இலக்க எண் ஒன்றும், தாய்சேய் நல அட்டையும் இருக்கும். அட்டையில் இரத்த வகை, ஏற்பு ஊசித் திகதி, ஹீமோகுளோபின் எல்லாம் உண்டு. அதை எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம், மிட்வைஃபிடம் காட்டி எச் 512இல் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் காட்ட வேண்டும். அங்கே ஐந்து நோய்த் தடுப்பூசி 6, 10, 14 கிழமையில், இங்கே 2, 4, 6 மாதத்தில். எந்தத் தவணை விடுபட்டது என்று பார்த்துத்தான் தொடர முடியும்.

கருத்தடையில் ஒரு சிக்கல் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. அங்கே ‘அந்தரா’ என்று போடுவது இங்குள்ள டீப்போவின் அதே மருந்து, அட்டையிலுள்ள திகதியை வைத்து அப்படியே தொடரலாம். ‘மாலா’ குளிசைக்குப் பதில் இங்குள்ள கலப்புக் குளிசை சரிவரும். ஆனால் ‘சாயா’ குளிசை, முதல் 3 மாதம் கிழமைக்கு இரண்டு, பிறகு கிழமைக்கு ஒன்று விழுங்குவது, இங்குள்ள கிளினிக்கில் கொடுக்கும் வகைகளில் இல்லை. கொண்டுவந்த அட்டை முடியும்வரை காத்திராமல் முன்னமே மிட்வைஃபோடு கதைத்து வேறொன்றுக்கு மாற வேண்டும். அதைவிட ஆபத்து, சாயாவின் பழக்கத்தில் இங்குள்ள குளிசையையும் கிழமைக்கு ஒன்று விழுங்குவது. அட்டையைக் கையில் கொடுக்கும்போது “இது ஒவ்வொரு நாளும்” என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கிய ரோகிங்கிய அகதிகளின் படகில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைத் திருகோணமலைக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. அப்படியான குழு வரும்போது மொழிபெயர்க்க ஒரு பெண் வேண்டும், தொலைபேசியிலாவது. கணவனையோ படகில் வந்த இன்னொரு ஆணையோ வைத்துக் கேட்டால் மாதவிடாய் தவறியதா, வழியில் யாரும் துன்புறுத்தினார்களா என்பதற்கு உண்மையான பதில் வராது.


உப்புவெளி வாசகி எழுதியது:

பலாத்காரம் பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பூட்டிய முகாமில் அடிக்கிறவனும் அடிபடுகிறவளும் ஒரே பாயில். தொலைபேசியும் பெரும்பாலும் அவன் கையில்தான். ஆகவே 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. கிளினிக் நாளில் மிட்வைஃப் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகத் திரைக்குப் பின்னால் பார்க்க வேண்டும், எல்லாப் பெண்ணையும் பார்த்தால் யார் மேலும் சந்தேகம் வராது.

வன்புணர்வு நடந்தால் நேரம்தான் எல்லாம். எச்.ஐ.வி தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவசரக் கருத்தடைக் குளிசை எவ்வளவு வேளைக்கு எடுக்கிறாளோ அவ்வளவு நல்லது, 5 நாளுக்குப் பிறகு பயன் இல்லை. நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. முறைப்பாடு எழுதித்தான் வைத்தியம் என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ‘நட்பு நிலையம்’ உள்ள ஆஸ்பத்திரி என்றால் அங்கே கதைக்க ஆள் இருக்கும். உடுப்பைத் தோய்க்காமல், பொலித்தீன் பையில் போடாமல், கடதாசிப் பையில் கொண்டு போகச் சொல்லுங்கள். பொலித்தீனுக்குள் வேர்த்துத் தடயம் பழுதாகும்.

மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று, பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. உட்பக்கம் கொளுக்கி, வழியில் விளக்கு. பள்ளிக்கூடத்தில் மூலையில் இருக்கும் கூடத்துக்கு இரவில் போகப் பயந்து பெண்கள் பின்னேரம் தொடங்கித் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். கர்ப்பவதிக்கு அதனால் சலக்கடுப்பு, அதிலிருந்து காய்ச்சல், காலத்துக்கு முந்திய வலி.


கொட்டியாரத்துப் பெண் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பொதியை 2 ஆக்கிவிட்டு அமுக்கமானிக்கும் வண்டிக்கும் காசை மாற்றுகிறோம். கடைசியாக ஒன்று: மாதவிடாய்க்குப் பாட் எவ்வளவு வாங்க வேண்டும்? தோய்த்துப் பாவிப்பதா, எறிவதா?


கிளினிக் கொப்பி எழுதியது:

சர்வதேச அளவுகோலில் எறியும் பாட் என்றால் மாதம் 15, தோய்ப்பது என்றால் வருடத்துக்கு 6, கூட மாதம் 250 கிராம் சவர்க்காரம். உங்கள் 150 பேருக்கும் எறியும் வகை என்றால் 3 மாதத்துக்கு 6,750 பாட். அதில் டீப்போ போட்டவர், கர்ப்பவதி, பால் கொடுப்பவர் எல்லாரையும் கழித்தால் குறையும், ஆனால் டீப்போக்காரருக்குத் துளிப்படுவதால் அவர்களை முழுதாகக் கழிக்க வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றருக்குக் குறைந்தால் தோய்க்கும் வகை சரிவராது, ஒழுங்காகத் தோய்க்க ஏலாது. தண்ணீர் போதுமென்றாலும், மறைவாக ஆனால் வெயில்படும் இடத்தில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். மறைவு இல்லையென்றால் ஈரத்துணியைப் பாயின் கீழ் வைத்துக் காய்ப்பார்கள், கிருமி அதில்தான் தொற்றும். கொஞ்சம் எறியும் வகையும் இருக்கட்டும், பிள்ளை பெற்றவர்களுக்குத் தனியாகப் பெரிய அளவில் ஆளுக்கு 2 பைக்கற் வையுங்கள். எறிவதற்கு மூடியுள்ள வாளியும், யார் எத்தனை மணிக்குக் கொண்டு போய் எரிப்பது என்பதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு முன்னமே கதைத்து முடிவெடுங்கள். அதை விட்டால் பாட் எல்லாம் மலசலகூடக் குழிக்குள் போகும், இரண்டாம் கிழமை குழி அடைத்துவிடும்.